சாய்த்தால் அளவு சொல்லும் ஜக்: காப்புரிமைக்கு எது நிற்கும்?

ஒரு ஜக்கைக் கண்டுபிடித்தவர், காப்புரிமை விண்ணப்பம் எழுதும் என்னிடம் கொண்டுவந்த தாளில் ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. "ஒரு கொள்கலன், அதிலிருந்து ஊற்றப்படும் திரவத்தின் அளவை உணரும் ஒரு சென்சார், அந்த அளவைக் காட்டும் ஒரு திரை." கூடவே ஒரு மாதிரியும் இருந்தது: ஒன்றரை லிட்டருக்குச் சற்று அதிகமாகப் பிடிக்கும் உருளை வடிவ ஜக், பிடியின் மேல் சிறு திரை, அடியில் பேட்டரி. தண்ணீர் ஊற்றிக் காட்டினார். எண் ஏறிக்கொண்டே போனது, ஊற்றுவதை நிறுத்தியதும் நின்றது. "இதுக்கு பேட்டன்ட் கிடைக்குமா சார்?" என்று கேட்டார்.

தாளில் இருந்த வாக்கியத்துக்குக் கிடைக்காது. ஜக்குக்குள் இருந்த ஒன்றுக்குக் கிடைக்க நல்ல வாய்ப்பு இருந்தது, ஆனால் அதை அவர் எழுதவே இல்லை. சொல்லத் தகுந்த விஷயமாகவே அவருக்கு அது படவில்லை. அது எப்படி வெளியே வந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த வாக்கியம் விழுந்த விதம்

முதல் வேலை தேடல். இந்த மாதிரிப் பொருளுக்கு ஒரே இடத்தில் தேடினால் போதாது. பன்னாட்டுக் காப்புரிமை வகைப்பாட்டில் கன அளவு, ஓட்டம், திரவ மட்டம் ஆகியவற்றை அளப்பது ஜி01எஃப் என்ற பகுதியில் இருக்கிறது. எடை போடுவது ஜி01ஜி. கொள்கலன்கள் பி65டி. திரவத்தை வழங்கும் கருவிகள் பி67டி. கண்டுபிடித்தவர் தன் பொருளை 'ஜக்' என்று நினைப்பார். ஆவணம் 'எடைக் கருவி' என்ற தலைப்பில் வேறொரு அலமாரியில் உட்கார்ந்திருக்கும்.

அப்படித்தான் ஆனது. பிடியில் தராசு வைத்த அளவுக் குவளைகள், ஒவ்வொரு தடவையும் எவ்வளவு ஊற்றினோம் என்று எண்ணும் பாட்டில் மூடிகள், எவ்வளவு குடித்தோம் என்று கணக்கு வைக்கும் தண்ணீர் பாட்டில்கள் என்று வரிசையாக வந்தன. புதுமைக்கான சோதனை கடுமையானது, ஆனால் எளிது. உரிமைகோரலில், அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வாக்கியத்தில், உள்ள எல்லா அம்சங்களும் ஒரே ஆவணத்திலோ ஒரே பொருளிலோ முன்பே இருந்தால் புதுமை இல்லை. கொள்கலன், சென்சார், திரை ஆகிய மூன்றும் சேர்ந்த ஆவணம் ஒன்றுக்கு மேல் கிடைத்தது. அந்த வாக்கியத்தின் கதை அதோடு முடிந்தது.

அவர் விடவில்லை. "என்னுடையது ஊற்றும்போதே காட்டுகிறது, வினாடிக்கு எத்தனை மில்லி என்றும் சொல்கிறது" என்றார். சரி, அதைச் சேர்த்தால் புதுமை மிஞ்சலாம். அடுத்த கேள்வி, அந்தத் துறை அறிந்த ஒருவருக்கு இது எளிதில் தோன்றுமா என்பது. எடை குறைவதைத் தொடர்ந்து பார்க்கும் கருவி ஏற்கெனவே இருக்கிறது. குறைந்த எடையை நேரத்தால் வகுத்தால் ஓட்ட வேகம். எந்தப் பொறியாளரும் ஒரு மதியத்தில் செய்துவிடுவார்.

இந்த இடத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள் நம் ஜக்குக்கு வியக்கத்தக்க அளவு நெருக்கமானவை. ஒன்று 2007ஆம் ஆண்டு கேஎஸ்ஆர் வழக்கு. நகர்த்தி அமைக்கக்கூடிய கார் பெடலில் மின்னணு சென்சாரை ஒரு நிலையான அச்சில் பொருத்தியதற்கு வாங்கிய காப்புரிமை அது. அப்படிப்பட்ட பெடலும் முன்பே இருந்தது, சென்சாரும் இருந்தது, இயந்திரப் பெடல்கள் மின்னணுவுக்கு மாறிக்கொண்டிருந்த காலமும் அது. இரண்டையும் சேர்ப்பது எளிதில் தோன்றக்கூடியதே என்று நீதிமன்றம் முடிவு செய்தது. 'பழைய இயந்திரப் பொருள், அதில் ஒரு சென்சார்' என்ற வடிவில் வரும் எல்லா விண்ணப்பங்கள் மேலும் அந்தத் தீர்ப்பின் நிழல் விழுகிறது.

இன்னொன்று 1966. எளிதில் தோன்றுவது எது என்பதைப் பற்றிய கிரகாம் வழக்கோடு சேர்த்துத் தீர்க்கப்பட்ட கால்மார் வழக்கு. பூச்சிமருந்துப் பாட்டிலில் தெளிப்பானையும், அது கசியாமல் அமுக்கிப் பிடிக்கும் மூடியையும் இணைத்த ஒரு காப்புரிமை. அதற்கு எதிராக வைக்கப்பட்ட பழைய ஆவணங்களில் ஒன்று, ஊற்றும் மூக்கு வைத்த கொள்கலனைப் பற்றியது. அது வேறு துறை, தெளிப்பானோடு ஒப்பிடக் கூடாது என்று காப்புரிமை வைத்திருந்தவர்கள் வாதாடினார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. தீர்க்கப்பட வேண்டியிருந்தது பூச்சிமருந்துச் சிக்கல் அல்ல, மூடியின் இயந்திரச் சிக்கல்; ஆகவே ஊற்றும் மூக்குகளும் கணக்கில் வரும் என்றது. அந்தப் பொருள் நன்றாக விற்றது, நெடுநாள் தேவையைத் தீர்த்தது என்ற வாதங்களாலும் காப்புரிமையைக் காப்பாற்ற முடியவில்லை. நம் ஜக் விஷயத்தில் எடைக் கருவிகளும் எண்ணெய்த் தொட்டி மட்டமானிகளும் 'வேறு துறை' என்று ஒதுங்கி நிற்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டியதில்லை.

திரையைப் பற்றியும் அவருக்குப் பெருமை இருந்தது. ஜக் சாய்ந்தால் எண்கள் நேராகத் திரும்பும், வேண்டிய அளவு நெருங்கும்போது நிறம் மாறும். அழகாக இருந்தது, உண்மைதான். ஆனால் தகவலை வெறுமனே காட்டுவது என்பதை ஐரோப்பியக் காப்புரிமை ஒப்பந்தத்தின் 52ஆம் பிரிவும் இந்தியச் சட்டத்தின் 3(என்) பிரிவும் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் 2002ஆம் ஆண்டு காம்விக் முடிவுக்குப் பிறகு நடைமுறை இன்னும் தெளிவு. தொழில்நுட்ப அம்சமும் அல்லாததும் கலந்த உரிமைகோரல் வரலாம், ஆனால் கண்டுபிடிப்புப் படியை, அதாவது எளிதில் தோன்றாத தன்மையை, எடைபோடும்போது தொழில்நுட்பத்துக்குப் பங்களிக்கும் அம்சங்கள் மட்டுமே தட்டில் ஏறும். நிறம் மாறுவது ஏறாது. எண் திரும்புவது தொழில்நுட்பம்தான் என்று வாதிடலாம், ஆனால் கைப்பேசிகள் அதைப் பல ஆண்டுகளாகச் செய்கின்றன.

சாய்க்கும்போது நடப்பது

இங்கேதான் நான் அவரிடம் வேறு மாதிரிக் கேட்க ஆரம்பித்தேன். "முதல் மாதிரி சரியாக வேலை செய்ததா?"

"இல்லை. கடைசிப் பகுதியை ஊற்றும்போது எண் தாறுமாறாக ஓடியது."

"ஏன்?"

அவர் இரண்டு மணி நேரம் பேசினார். அந்த இரண்டு மணி நேரம்தான் இந்த விண்ணப்பம்.

ஜக்கின் அடியில் இருந்தது ஒரே ஒரு லோட் செல், அதாவது எடையை உணரும் சென்சார். அது ஜக்கின் அச்சு வழியாக வரும் விசையை மட்டும் உணரும். ஜக் நிமிர்ந்து நின்றால் முழு எடையும் தெரியும். சாய்த்தால் அந்த அச்சில் விழும் பங்கு மட்டும் தெரியும். 60 டிகிரியில் அது பாதி, 80 டிகிரியில் சுமார் 17 சதவீதம். அசைவையும் சாய்வையும் உணரும் முடுக்கமானி ஒன்றை வைத்துச் சாய்வைக் கண்டுபிடித்து, அந்தப் பங்கால் வகுத்து உண்மை எடையைப் பெறலாம். கை ஆடுவதையும் அதே முடுக்கமானி காட்டிக்கொடுத்துவிடும். இவ்வளவும் பாடப்புத்தகம்.

சிக்கல் வகுப்பதில் இருக்கிறது. சிறிய எண்ணால் வகுத்தால் பிழையும் பெருகும். செங்குத்தில் 5 கிராம் பிழை காட்டும் லோட் செல், 60 டிகிரியில் 10 கிராமும் 80 டிகிரியில் 29 கிராமும் பிழை காட்டும். அதோடு அது திரவத்தை மட்டும் சுமப்பதில்லை, ஜக்கின் சொந்த எடையையும் சேர்த்தே சுமக்கிறது. திரவம் குறையக் குறைய, அளக்க வேண்டியது சிறிதாகவும் பிழை பெரிதாகவும் ஆகிறது. ஜக் காலியாகும் கட்டத்தில்தான் சாய்வு அதிகம். ஊற்றுபவருக்கு எண் மிகவும் தேவைப்படும் நேரத்தில் கருவி குருடாகிவிடுகிறது.

அவர் அப்புறம் வடிவியலுக்குப் போனார். ஊற்றிக்கொண்டிருக்கும்போது திரவத்தின் மேற்பரப்பு ஜக்கின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு கிடைமட்டமாக இருக்கும். அப்படியென்றால் உள்ளே எவ்வளவு மிச்சம் என்பதைச் சாய்வுக் கோணம் மட்டுமே சொல்லிவிடும், எடையே வேண்டாம். 10 செ.மீ. விட்டமும் 20 செ.மீ. உயரமும் கொண்ட உருளையை எடுத்துக்கொள்ளுங்கள். விளிம்புவரை நிரப்பி 45 டிகிரி சாய்த்தால் சரியாகக் கால் பங்கு வெளியே போயிருக்கும். சுமார் 63 டிகிரியில் மேற்பரப்பு விளிம்பிலிருந்து எதிர்ப்பக்க அடி மூலையைத் தொடும், அப்போது சரியாகப் பாதி. இதைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. பழைய வடிவியல், ஆனால் ஒரு ஜக்கைக் கையில் பிடித்தபடி யோசித்தால்தான் கண்ணில் படும்.

இதுவும் பொய் சொல்லும், எப்போது என்றால் வேகமாக ஊற்றும்போது. திரவம் வழிய வேண்டுமானால் அதன் மட்டம் விளிம்பைவிடக் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும். நம் உருளை 45 டிகிரி சாய்ந்திருக்கையில் மட்டம் 5 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தால், கணக்கு சுமார் 55 மில்லி தவறும். எண்ணெய் மாதிரிப் பிசுக்கான திரவம் தண்ணீரைப் போல ஓடாது, ஆகவே தவறும் ஒரே அளவில் இருக்காது.

எடை முறை சாய்வில் தோற்கிறது. வடிவியல் முறை வேகத்தில் தோற்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் கூச்சத்தோடு ஜக்கின் ஊற்றும் மூக்கைக் காட்டினார். உள்பக்கம் இரண்டு மெல்லிய உலோகப் பட்டைகள். அவற்றுக்கிடையே திரவம் இருந்தால் மின்தேக்கம் (மின்னூட்டத்தைத் தேக்கும் திறன்) மாறும். ஊற்றுவது எப்போது தொடங்குகிறது என்று தெரிந்துகொண்டு திரையை எழுப்புவதற்காக, பேட்டரியை மிச்சம் பிடிக்க வைத்தவை. பிறகுதான் கவனித்திருக்கிறார்: ஊற்றல் நிற்கும் கணத்தையும் அவை காட்டுகின்றன. தாரை அறுபடும் அந்தக் கணத்தில் திரவத்தின் மட்டம் விளிம்போடு சமமாக இருக்கிறது. மேலே உயர்ந்து நிற்பது எதுவும் இல்லை. வடிவியல் கணக்கு சரியாக வரும் ஒரே நொடி அது.

அந்த நொடியின் கோணத்தைப் பிடித்துவைக்கிறார். ஜக்கை நிமிர்த்தியதும் எடையை எடுக்கிறார். ஒன்று மிச்சமிருக்கும் கன அளவு, மற்றது மிச்சமிருக்கும் நிறை. இரண்டையும் ஒப்பிட்டால் திரவத்தின் அடர்த்தி கிடைக்கிறது. உள்ளே இருப்பது தண்ணீரா, அதைவிட லேசான எண்ணெயா என்று யாரும் பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டியதில்லை. ஊற்றும்போது காட்டிய எண்ணுக்கும் நிமிர்த்திய பின் தெரிந்த உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து, வேகத்தால் வரும் பிழைக்கான திருத்தமும் புதுப்பிக்கப்படுகிறது. அதே திரவத்தை அடுத்த முறை ஊற்றும்போது கணக்கு இன்னும் நெருங்குகிறது. இதை அவர் 'சின்ன அட்ஜஸ்ட்மென்ட்' என்றார்.

என் பார்வையில் கண்டுபிடிப்பு இதுதான்.

சேர்க்கையா, அடுக்கி வைத்ததா

காப்புரிமை அலுவலக ஆய்வாளர் முதலில் என்ன சொல்வார் என்பது தெரிந்ததே: லோட் செல் பழசு, முடுக்கமானி பழசு, ஈரம் உணரும் பட்டையும் பழசு. மூன்றும் உண்மை. இந்தியச் சட்டத்தின் 3(எஃப்) பிரிவு, தனித்தனியாகத் தத்தம் பழக்கப்பட்ட வேலையைச் செய்யும் கருவிகளை வெறுமனே அடுக்கி வைப்பதைக் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. ஐரோப்பிய அலுவலகத்தின் வழிகாட்டிக் குறிப்பில் இதற்கு எளிய எடுத்துக்காட்டு உண்டு: சாசேஜ் செய்ய இறைச்சி அரைக்கும் இயந்திரத்தையும் அதைக் குடலில் நிரப்பும் இயந்திரத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் கண்டுபிடிப்பு ஆகாது. 1978ல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்த்த பிஸ்வநாத் பிரசாத் வழக்கும் பாத்திரம் சம்பந்தப்பட்டதுதான். கடைசல் வேலைக்குப் பாத்திரத்தைப் பிடித்துவைக்கும் அமைப்புக்கான காப்புரிமை. பட்டறையில் செய்யும் சாதாரண மேம்பாட்டைத் தாண்டி ஏதாவது இருக்க வேண்டும் என்று சொல்லி அந்தக் காப்புரிமையை நீதிமன்றம் நிராகரித்தது.

நம் ஜக்கில் அந்தத் தாண்டல் எங்கே? மூக்குப் பட்டையைக் கழற்றிவிட்டால், எந்தக் கோணத்தை நம்புவது என்று முடுக்கமானிக்குத் தெரியாது. முடுக்கமானியைக் கழற்றினால் தாரை அறுந்தது தெரிந்தும் பயனில்லை. லோட் செல்லைக் கழற்றினால் அடர்த்தியும் இல்லை, திருத்தமும் இல்லை. மூன்றில் ஒன்று போனாலும் மற்ற இரண்டும் அந்த வேலையைச் செய்ய முடியாது. மேலும், பேட்டரியைச் சேமிக்க வைத்த பட்டை, கோணத்தை எப்போது படிப்பது என்று தீர்மானிக்கும் கருவியாக மாறியிருக்கிறது. அதன் வேலையே வேறாகிவிட்டது. கிரகாம் தீர்ப்பு வந்த அதே நாளில் வந்த ஆடம்ஸ் வழக்கில் தெரிந்த பொருள்களால் ஆன மின்கலத்தின் காப்புரிமை நிலைத்ததற்கும் இந்த மாதிரிக் காரணம்தான்: சேர்த்தபோது கிடைத்த பலனை அந்தத் துறை எதிர்பார்க்கவில்லை, நிபுணர்கள் முதலில் நம்பவே மறுத்தார்கள்.

ஐரோப்பிய முறையில் கேள்வியை இப்படி வைக்கலாம். மிக அருகில் இருக்கும் பழைய ஆவணம், பிடியில் தராசும் சாய்வுத் திருத்தமும் உள்ள குவளை. அதிலிருந்து நம்முடையதைப் பிரிக்கும் அம்சம், தாரை அறும் கணத்தின் கோணம். அதனால் தீரும் சிக்கல், திரவத்தின் அடர்த்தி தெரியாமலே கன அளவைச் சரியாகச் சொல்வது. பழைய குவளையைக் கையில் வைத்திருக்கும் பொறியாளர் இந்த வழிக்குப் போயிருக்க முடியுமா என்பது போதாது. போயிருப்பாரா என்பதே கேள்வி. அவருக்கு எளிதில் தோன்றக்கூடியவை இன்னும் நல்ல லோட் செல், மூன்று அச்சிலும் அளக்கும் சென்சார், திரவத்தைத் தேர்ந்தெடுக்கும் பொத்தான். மூக்கில் போய் ஈரத்தைப் பார்க்கச் சொல்லும் ஆவணம் எதுவும் எங்கள் தேடலில் கிடைக்கவில்லை.

கணக்குச் சூத்திரம் என்று தள்ளிவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு இருந்தது. இந்தியச் சட்டத்தின் 3(கே) பிரிவில் கணித முறையும் அல்காரிதமும் விலக்கப்பட்டிருப்பது உண்மைதான். ஆனால் இங்கே கணக்கு ஒரு பொருளின் உள்ளே, பௌதிக அளவீடுகளின் மேல், அளவீட்டையே திருத்தும் விதமாக நடக்கிறது. அமெரிக்காவில் 1981ஆம் ஆண்டு டீயர் வழக்கில் ரப்பர் பதப்படுத்தும் முறையில் சூத்திரம் இருந்தும் காப்புரிமைக்கு உரியதாகவே ஏற்கப்பட்டது. 2017ஆம் ஆண்டு தேல்ஸ் வழக்கு இன்னும் அருகில் வருகிறது: தலைக்கவசத்தில் ஒன்றும் நகரும் வாகனத்தில் ஒன்றுமாக இயக்க உணரிகளை வழக்கத்துக்கு மாறான விதத்தில் பொருத்தி அளப்பது வெறும் கணிதம் அல்ல என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. சென்சார் எங்கே இருக்கிறது, எப்போது படிக்கப்படுகிறது என்பதை உரிமைகோரலில் எழுதினால் இந்தப் பயம் பெரும்பாலும் தீரும்.

எழுதிய விதம்

அவர் முதல் வரைவில் "அடர்த்தியைக் கண்டறியும் வழிவகை" என்று எழுதியிருந்தார். அடித்துவிட்டேன். 1946ஆம் ஆண்டு ஹாலிபர்ட்டன் வழக்கும் திரவ அளவைப் பற்றியதுதான். எண்ணெய்க் கிணற்றில் திரவம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதை எதிரொலியால் அளக்கும் கருவி. புதுமை இருக்கும் இடத்திலேயே 'இன்னதைச் செய்யும் சாதனம்' என்று பலனை மட்டும் எழுதியதால் அந்த உரிமைகோரல்கள் செல்லாமல் போயின. 1952ல் அமெரிக்கச் சட்டம் அப்படி எழுத இடம் கொடுத்தது, ஆனால் விவரக்குறிப்பில் (விண்ணப்பத்தோடு தரும் விளக்கத்தில்) காட்டிய அமைப்புக்கும் அதற்குச் சமமானவற்றுக்கும் மட்டுமே பாதுகாப்பு என்ற வரம்போடு. பலனைக் கேட்பவர்கள் குறைவாகத்தான் பெறுகிறார்கள்.

நாங்கள் எழுதியது சுருக்கமாக இது: ஊற்றும் விளிம்பு உள்ள கொள்கலன்; அதன் நிறையை உணரும் உணரி; சாய்வு உணரி; விளிம்புக்கு அருகில் திரவம் இருப்பதை உணரும் உணரி; தாரை நிற்பதைக் கடைசி உணரி காட்டும் கணத்தில் சாய்வைப் பதிவு செய்து, கொள்கலனின் வடிவத்திலிருந்து மிச்சக் கன அளவைக் கணித்து, அதை நிமிர்ந்த நிலையின் நிறையோடு ஒப்பிட்டு, காட்டும் அளவைத் திருத்தும் செயலி. 'லோட் செல்', 'மின்தேக்கப் பட்டை', 'உருளை' எல்லாம் சார்பு உரிமைகோரல்களுக்கு, அதாவது முதல் உரிமைகோரலின் மேல் கூடுதல் விவரம் சேர்ப்பவற்றுக்கு, போயின. ஒளியால் ஈரத்தை உணரும் ஒருவர் நாளை வந்து எளிதாகத் தாண்டிப் போகக் கூடாது. திரையின் நிறம் கடைசி வரிசையில் ஒரு மூலையில் இருக்கிறது.

அவர் எட்டு மாதங்களுக்கு முன் ஒரு காணொளி போட்டிருந்தார். இதைக் கடைசியில்தான் சொன்னார், எனக்கு வயிறு கலங்கியது. விண்ணப்பத்துக்கு முன் தானே வெளியிட்டாலும் புதுமை போய்விடலாம். அமெரிக்காவில் கண்டுபிடித்தவரே வெளியிட்டால் ஓராண்டு அவகாசம் உண்டு. ஐரோப்பாவில் அப்படிப் பொதுவான அவகாசம் கிடையாது. இந்தியாவில் இருப்பது குறிப்பிட்ட கண்காட்சிகள், கற்றறிந்தோர் சங்கக் கூட்டங்கள் போன்ற சில சூழ்நிலைகளுக்கு மட்டும். காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். ஜக் தெரிகிறது, திரையில் எண் ஓடுகிறது, அவர் சிரிக்கிறார். மூக்கின் உள்பக்கம் ஒரு முறைகூடத் தெரியவில்லை, எப்படி அளக்கிறது என்று அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியானது அந்த முதல் வாக்கியம் மட்டுமே, அது எப்படியும் பிழைக்கப் போவதில்லை. "யாருக்காவது ஜக்கைக் கையில் கொடுத்தீர்களா?" என்று மூன்று முறை கேட்டேன். ரகசியம் காக்கும் கடமை இல்லாத ஒருவரிடம் பொருள் போய்விட்டால், அதைப் பிரித்துப் பார்த்து அறியக்கூடியதெல்லாம் வெளியானதாகவே கொள்ளப்படும். கொடுக்கவில்லை என்றார்.

இன்னொன்றும் சொல்லி வைத்தேன். காப்புரிமை கிடைத்தாலும் அது மற்றவர்களைத் தடுக்கும் உரிமை மட்டுமே. பிடியில் தராசு வைக்கும் யோசனையில் வேறொருவரின் காப்புரிமை இன்னும் உயிரோடு இருந்தால், நம் ஜக்கை விற்க அவர் அனுமதி தேவைப்படலாம். அந்தத் தேடல் தனி வேலை, நாடு நாடாகச் செய்ய வேண்டியது.

இப்போது விஷயம் நிற்கும் இடம்: தேதியைப் பிடித்துவைக்கும் தற்காலிக விண்ணப்பம் போட்டாயிற்று. பன்னிரண்டு மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு போக வேண்டும். தண்ணீருக்கான அளவீடுகள் மட்டுமே தற்காலிக விண்ணப்பத்தில் இருக்கின்றன. பிசுக்கான திரவத்தில் தாரை சட்டென்று அறுவதில்லை, இழையாக நீண்டு விளிம்பை நனைத்துக்கொண்டே இருக்கிறது. பட்டைகள் தாமதமாகச் சொல்கின்றன. அங்கேயும் முறை நிற்கிறதா என்று அவர் இப்போது எண்ணெய் ஊற்றி அளந்துகொண்டிருக்கிறார். நின்றால் அந்த எண்கள் விவரக்குறிப்பில் ஏறும், ஆனால் அதற்காக அவர் புதிதாக எதையாவது சேர்த்தால் அதற்கு முதல் விண்ணப்பத்தின் தேதி கிடைக்காது. நிற்காவிட்டால் முதல் உரிமைகோரலில் ஒரு பிசுக்கு வரம்பைச் சேர்க்க வேண்டியிருக்கும். போன வாரம் அனுப்பிய அட்டவணையில் ஒன்பது ஊற்றல்கள் இருந்தன. அதைப் போதாது என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன்.